காளிதாஸ் படச்சுருள் எங்கே போயிற்று?

இன்று கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் வேதியியல்.

தமிழின் முதல் பேசும்படம் "காளிதாஸ்" 1931 அக்டோபர் 31-ல் வெளிவந்தது. டி.பி.ராஜலட்சுமி நடித்தது. அதன் ஒரு பிரதிகூட இன்று இல்லை. நடராஜ முதலியார் எடுத்த மௌனப்படம் "கீசக வதம்" கூட இல்லை. அக்காலப் படங்கள் பலவும் இப்படித்தான் போயின. சில எரிந்தன, சிலவற்றை வெள்ளிக்காக உருக்கினார்கள், மீதி தானாகவே மக்கியது.

ஏன் மக்கியது? அந்தக் காலத்து பிலிம் செல்லுலோஸ் நைட்ரேட். பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துச் செய்வது. வெப்பத்திலும் ஈரத்திலும் அதிலிருந்தே அமிலம் கசியும். அந்த அமிலம் பிலிமையே தின்னும். முதலில் பிசுபிசுக்கும், கடைசியில் பழுப்புப் பொடியாகிவிடும். தீப்பிடித்தால் தண்ணீருக்குள்ளும் எரியும். 2003 ஜனவரியில் புனேயில் அத்தகைய படச்சுருள்கள் ஏராளமாகத் தீக்கிரையாயின.

ஆபத்தில்லாத மாற்றாக 1948 வாக்கில் அசிடேட் பிலிம் வந்தது. எல்லோரும் நிம்மதி அடைந்தார்கள். பத்து ஆண்டுக்குள் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்துக்கு முதல் புகார் போனது. அனுப்பியது யார் தெரியுமா? நம் இந்திய அரசு! நம் வெயிலும் புழுக்கமும்தான் அந்த நோயை முதலில் காட்டிக்கொடுத்தன. பிலிம் சிதைந்து அசிட்டிக் அமிலம் வெளிவரும். வினிகர் வாசனை அடிக்கும். அந்த அமிலமே சிதைவை மேலும் வேகப்படுத்தும், பக்கத்துச் சுருளுக்கும் பரவும்.

அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகர ஆய்வாளர்கள் பிலிமை அதிக சூட்டிலும் ஈரத்திலும் வைத்து, பல்லாண்டு முதுமையைச் சில மாதங்களில் வரவழைத்துப் பார்த்தார்கள். 21 டிகிரியில், 50 சதவீத ஈரப்பதத்தில், புது அசிடேட் பிலிம் சுமார் 40 ஆண்டு தாங்கும் என்று கணக்கிட்டார்கள். நம் ஊரில் 21 டிகிரி எங்கே இருக்கிறது?

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் அப்பா அம்மா கல்யாண நெகட்டிவ்கள் டிரங்குப் பெட்டியில் கிடக்கலாம். அவை பெரும்பாலும் அசிடேட்தான். இந்த ஞாயிறே திறந்து முகர்ந்து பாருங்கள். வினிகர் வாசனை வந்தால் அவற்றைத் தனியே எடுத்து உடனே ஸ்கேன் செய்யுங்கள். மற்றவற்றைக் காகித உறையில் போட்டு, வெப்பமும் ஈரமும் குறைந்த அலமாரியில் வையுங்கள். மொட்டை மாடி அறை வேண்டாம்.

காளிதாஸை நம்மால் மீட்க முடியாது. பாட்டியின் முகத்தை மீட்கலாம். பெட்டியில் என்ன கிடைத்தது என்று எனக்கும் எழுதுங்கள்.