கொல்லைக்குப் போதல்

'கொல்லைக்குப் போதல்' என்னும் வழக்கு காவிரிப் படுகையின் வீட்டமைப்பில் பிறந்ததென்றும், பின்கட்டைக் கடந்த ஒதுக்கிடத்தால் மலங்கழித்தலுக்கு அப்பெயர் வாய்த்ததென்றும் படித்தவர் சிலர் சாதித்து வருகின்றனர். மறுப்பாரின்மையால் அந்த அபிப்பிராயம் சித்தாந்தம் போலவே நிலைத்துவிட்டது.

கொல்லையாவது முல்லைநிலத்து வன்புலம். இரவும் பகலும் ஊன் தின்று மழுங்கிய பற்களுக்குக் கொல்லை உழுத கொழுவைப் பொருநராற்றுப்படையில் உவமையாக்கினார் முடத்தாமக்கண்ணியார். கொழுவைத் தேய்ப்பது கல்லும் சரளையும் விரவிய புன்செய்யேயன்றி, வாழையும் துளசியும் வளரும் புழக்கடை அன்று.

அப்பழம்பொருள் தியாகதுருகத்து மலைக்கோட்டையைச் சூழ்ந்த மானாவாரி நிலங்களில் இன்றளவும் உயிரோடிருக்கிறது. கம்பங்கொல்லை, மல்லாட்டைக் கொல்லை என்றே அவ்வூர்க் குடியானவர் வழங்குவர். விடியற்காலையில் 'கொல்லைக்குப் போய் வருகிறேன்' என்று புறப்படுபவரின் தோளில் மண்வெட்டி இருப்பின் ஒரு பொருள். கையில் தண்ணீர்ச் சொம்பு இருப்பின் மற்றொரு பொருள். கேட்பவர்க்கு அதில் மயக்கமே இல்லை.

கொல்லை என்பதற்கே வீட்டின் பின்புறம் என்று பொருளாயின், 'கொல்லைப்புறம்' என்பதில் புறம் எதற்கு? கொல்லையை நோக்கிய புறமாதலின் அப்பெயர் பெற்றது. பிற்பாடு புறம் குறைந்து கொல்லை நின்றது. 'வெளிக்குப் போதல்' என்னும் இணைவழக்கும் குடியிருப்பை நீங்கிச் செல்லுதலையே குறிக்கும்.

பைங்கூழ் உள்ளிட்ட பத்திடங்களில் எச்சிலுமிழ்தலையும் 'இருபுல'னையும் ஆசாரக்கோவை விலக்கியதே என்பாருக்கு, விலக்குண்டது பயிர் நின்ற நிலமே, அறுவடையான தரிசன்று என்பது விடை. இருபுலன் என்பதும் மலசலங்களை மறைத்துக் கூறும் இடக்கரடக்கலே. ஆவின் முன் வரும் மலப்பெயரைத் தொல்காப்பியர் வெளிப்படக் கூறாது எழுத்தால் சுட்டிப் புணர்ச்சி விதித்தார். அவ்விதியின் விளைவே ஆப்பி. நன்னூலார் அதனையே 'பவ்வீ' என மறைத்தார். 'கால் கழுவி வந்தேன்' என்பதும் இம்மரபினதே.

மலங்கழிக்கும் இடத்துக்கு வழங்கும் மற்றொரு சொல்லாகிய கக்கூஸை வாந்தியைக் குறிக்கும் 'கக்கு' என்பதினின்று வருவிப்பாரும் உளர். அது வீண் முயற்சி. நாகப்பட்டினத்தை 1658 முதல் 1781 வரை ஆண்ட உலாந்தாக்காரரின் 'கக்ஹௌஸ்' என்பதே அதன் மூலம். அலுவலகத்தைக் குறிக்கும் இலங்கைத் தமிழரின் கந்தோரும் அவர் தந்ததே. கக்கூஸ் கட்டிடத்தின் பெயர். உலாந்தாக்காரரோடு கப்பலேறி வந்தது. கொல்லையோ நிலத்தின் பெயர், உழவனோடு வளர்ந்தது.

ஆகவே, புன்செய் நிலத்தில் பிறந்த வழக்கே பிற்காலத்தில் புழக்கடைக்குச் சுருங்கிற்று என்பது என் துணிபு. அகராதி தொகுப்போர் கொல்லைக்குப் புன்செய் என்பதை முதற்பொருளாகவும், புழக்கடை என்பதை வழிப்பொருளாகவும் வைப்பார்களாக.