கொத்தும் தராசும்: ராகலைத் தோட்டங்களில் முகத்தலும் நிறுத்தலும்

அளவைகளின் வரலாறு கணிதத்தின் வரலாறு மாத்திரமன்று. அது சமூக உறவுகளின் வரலாறுமாகும். போலந்துப் பொருளாதார வரலாற்றாசிரியர் வித்தோல்ட் குலா 1970இல் வெளியிட்ட நூலில் இதனை ஐரோப்பிய நிலமானிய சமுதாயச் சான்றுகள் கொண்டு விளக்கினார். தானியத்தைத் தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்ற வினாவே குடியானவனுக்கும் பிரபுவுக்குமிடையே பூசற்களமாய் அமைந்தது. இந்நோக்கில் ராகலைப் பகுதித் தோட்டங்களின் அரிசிக் கணக்கினை நாம் ஆராயலாம்.

தமிழர் மரபில் நெல் முகக்கப்பட்டது, பொன் நிறுக்கப்பட்டது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் ஆடவல்லான் என்னும் பெயர் மரக்காலுக்கும் வழங்குகிறது, பொன் நிறுத்த கல்லுக்கும் வழங்குகிறது. தோட்டத்தில் இப்பாகுபாடு வேறொரு பொருள் பெற்றது. தொழிலாளி கொடுத்த கொழுந்து இறாத்தலில் நிறுக்கப்பட்டது. அவர் பெற்ற அரிசியோ புசலிலும் கொத்திலும் முகக்கப்பட்டது.

நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாகச் சென்ற குறுகிய இருப்புப்பாதை 1904இல் ராகலையை எட்டியது; 1940களில் அது மூடப்பட்டது. அம்மலைத் தோட்டங்களுக்கு உண்ணும் அரிசி வெளியிலிருந்தே வரவேண்டியிருந்தது. ஆதலின் கூலியும் அரிசியும் ஒரே கணக்கில் பிணைந்தன. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனச் சட்டத்தைத் தொடர்ந்து, 1929இல் உயர்மலைநாட்டில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் பிள்ளைக்கு 32 சதமும் நாட்கூலியாயின. புசல் அரிசியின் விலையும் இக்கணிப்பில் இடம்பெற்றது. புசலுக்கு 32 கொத்து.  நாள் முழுதும் கொழுந்தெடுத்த பெண்ணின் உழைப்பு மூன்று கொத்து அரிசிக்கும் ஈடாகவில்லை.

அக்கொத்துத்தான் எவ்வளவு? ஏறத்தாழ இரண்டு இறாத்தல், அதாவது 907 கிராம் என்பர். நான்கு சுண்டு ஒரு கொத்தாதலின் சுண்டுக்கு 227 கிராம். ஆனால் 'ஏறத்தாழ' என்ற சொல்லிலேதான் வரலாறு அடங்கியுள்ளது. பாத்திரத்தைக் குலுக்கினால் அரிசி இறுகும். குலுக்காது தலைதட்டினால் குறையும். கொத்துக்கு இருபதில் ஒரு பங்கு குறையுமாயின் புசலில் ஒன்றரைக் கொத்துக்கு மேல் இழப்பாகும். அளப்பவர் கையே இங்கு சட்டத்தினும் வலிது.

லயத்து அடுப்படியிலும் இச்சிக்கல் தொடர்ந்தது. அங்கே வெறும் பால்பேணியே அளவை. சுண்டு அரிசி கொள்ளும் பேணி, கோதுமை மாவைத் தளரக் கொட்டினால் ஏறத்தாழ 150 கிராமே கொள்ளும். அமுக்கினால் 180ஐயும் கடக்கும். 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டின்போது தோட்டங்களில் இறப்பு விகிதம் கடுமையாக உயர்ந்தது. அரிசிச் சோற்றின் இடத்தை மா ரொட்டி பிடித்த குடும்பங்களில், பேணிக்குப் பேணி என்ற மாற்று, நிறையில் மூன்றில் இரண்டு பங்கேயாயிற்று. பேணிக் கணக்கை நிறைக் கணக்காக மாற்றுவது, ஆதலின், பட்டினியின் உண்மையளவைக் காணும் முயற்சியாகவும் அமைகின்றது.

அவ்வாறாயின் முகத்தலை நீக்கி நிறுத்தலைக் கொணர்ந்தமை நீதியை நிலைநாட்டிற்றா? 1970களில் மெட்ரிக் முறை நாட்டில் பரவலாயிற்று. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. கிலோக்கிராம் அரிசி எவர் அளந்தாலும் கிலோக்கிராமே. இது முற்போக்கான மாற்றம் என்பதில் ஐயமில்லை. எனினும் கொழுந்து தொடக்கமுதலே நிறுக்கப்பட்டதென்பதை நாம் மறத்தலாகாது. கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிவு பிடிக்கப்பட்டதும், நிறை குறைந்த நாளில் அரைப்பேர் போடப்பட்டதும் தராசின் முன்னிலையிலேயே நிகழ்ந்தன. 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக விதிக்கப்பட்ட பின்னரும், அதற்கு எத்தனை கிலோ கொழுந்து என்பதே பிணக்காயிற்று.

எனவே கருவியின் துல்லியமும் அளவையின் நேர்மையும் ஒன்றல்ல. கொத்திலும் தராசிலும் முள்ளைப் பார்க்கும் உரிமை எவருக்கு என்பதே அடிப்படை வினா. மலையக மக்களின் பொருளியல் வரலாற்றை எழுதுவோர், துரைமாரின் பேரேடுகளோடு லயத்துப் பால்பேணியையும் ஆவணமாகக் கொள்ளுதல் வேண்டும்.