காப்பு மோதிரமும் கொல்லிமழவன் மகளும்

நோய்க்கும் கோளுக்கும் அஞ்சி உடம்பிற் காப்பணிதல் பல நாட்டினும் காணப்படும் பழைய வழக்கமாம். தமிழ்நாட்டிற் சிறார்க்குப் புலிப்பற்றாலியும் ஐம்படைத்தாலியும் பூட்டினமை பண்டை நூல்களால் அறியப்படும். இடைக்கால ஐரோப்பாவிலே இக்காப்பு மோதிர வடிவினும் வழங்கிற்று.

அவற்றுள் வலிப்பு நோய்க்கென அணிந்தவை கருதற்பாலன. குழந்தை இயேசுவை வழிபடச் சென்றோராகக் கூறப்படும் காசுபார், மெல்கியோர், பல்தசார் என்னும் மூவர் பெயரையும் மோதிரத்திற் பொறித்தணியின் அந்நோய் அணுகாதென்று மக்கள் நம்பினர். 1802-இல் இங்கிலாந்தின் கோவெந்திரி நகரிற் கிடைத்த 15-ஆம் நூற்றாண்டுப் பொன் மோதிரம் ஒன்று அப்பெயர்களைத் தாங்கி, இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. மேலும், 14-ஆம் நூற்றாண்டு முதல் ஆங்கில அரசர் பெரிய வெள்ளிக்கிழமைதோறும் பலிபீடத்திற் காசு படைத்து, அப்பொன் வெள்ளிகளால் மோதிரம் செய்வித்து நோயாளர்க்கு வழங்கினர். மேரி அரசியார் 1558-இல் இறந்தபின் அவ்வழக்கம் ஒழிந்தது.

இவ்வலிப்பினைத் தமிழர் முயலகன் என்ப. அதுபற்றிய வரலாறொன்று கொல்லி நாட்டிற்கு உரியது. முள்ளுக்குறிச்சியைத் தன் அடிவாரத்திற் கொண்ட கொல்லிமலையின் பெயரால் அழைக்கப்பெற்ற தலைவன் கொல்லிமழவன். அவன் அருமை மகளை முயலகன் பற்றியது. சுற்றத்தார் அறிந்த வினையெல்லாம் முயன்றும் அது தீர்ந்திலது. ஈற்றில் மழவன் அவளைத் திருப்பாச்சிலாச்சிராமத்து இறைவன் திருமுன்னர்க் கொணர்ந்து கிடத்தினான். 7-ஆம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்தர் அங்கெழுந்தருளிப் பதிகம் பாட, நோய் நீங்கியதெனச் சேக்கிழார் உரைப்பர்.

அப்பதிகத்தில் நோயின் பெயரும் இல்லை. தீர்க்கவென்ற வேண்டுகோளும் வெளிப்பட இல்லை. இம்மங்கையை வாடச் செய்தல் இவர் பெருமைக்குத் தகுமோ என்று வினவும் வினாவே உண்டு. நோயைத் தனிப்பொருளாகக் கொண்டு அதற்கெதிராக ஒரு பொருளை நிறுத்தாது, அனைத்தையும் இயக்கும் முதல்வனையே நோக்கி வினவியது அவ்வினா.

இதனால் அணிகலன் இகழப்பட்டதென்பது பொருளன்று. 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துத் தஞ்சை இராசராசேச்சரக் கல்வெட்டுக்கள் நவரத்தின மோதிரங்களைக் குறிக்கின்றன. நவமணிகள் ஒன்பது கோள்களுக்கு உரியனவாகக் கருதப்படுவன. ஆயினும் அம்மோதிரங்கள் அங்குத் திருமேனிகளுக்கே சாத்த அளிக்கப்பட்டன. கோள்கள் அடியாரை நலியா என்பதே சம்பந்தர் கோளறு பதிகத்தின் கருத்துமாம்.

பொன்னும் மணியும் சடம். சடம் தானே ஒன்றை விலக்கவோ விளைக்கவோ வல்லதன்று. பிறநாட்டு மோதிரத்தினும் மக்கள் நம்பியது பொன்னையன்று, அதன்மேற் பொறித்த பெயரையே. மழவன் மகள் உய்ந்ததோ, விரலில் யாதொன்றும் அணிந்தன்று. அருளின் முன் கிடந்தே.