தண்ணீரூற்று எழுதிய நாவல்

ஊர் மலர்களில் வழக்கமாகக் கோயில்களும் பாடசாலைகளும் சங்கங்களும் முதலிடம் பெறும். ஊற்றங்கரைப் பிள்ளையார் இருக்கும் ஊரில் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தண்ணீரூற்றை முல்லைத்தீவுக்கு அப்பால் கொண்டுபோன பெயரைக் கேட்டால், இலக்கிய வாசகர் ஒரு புத்தகத்தைத்தான் சொல்வார்: "நிலக்கிளி".

அதை எழுதிய அ. பாலமனோகரன் 1942இல் இவ்வூரில் பிறந்தவர். சிறுகதையில் தொடங்கி நாவலுக்கு வந்தவர். 1973இல் வீரகேசரி பிரசுரமாக வெளிவந்த நிலக்கிளிக்கு இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசும் கிடைத்தது.

இதில் வீரகேசரியின் பங்கைச் சொல்லாமல் போகக்கூடாது. 1930இல் கொழும்பில் தொடங்கிய அந்தப் பத்திரிகை நிறுவனம், 1970களில் ஈழத்து நாவல்களை மலிவு விலையில் தொடர்ந்து அச்சிட்டது. தமிழகத்துச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலம் அது. அதனால் உள்ளூர் நூல்களுக்குச் சந்தை திறந்ததும் கடற்கரையில் செங்கை ஆழியானின் "வாடைக்காற்று" வீசியது. வன்னிக் காட்டிலிருந்து நிலக்கிளி வந்தது. யாழ்ப்பாணத்தையே சுற்றிச்சுற்றி வந்த ஈழத்து நாவலுக்குப் புது நிலங்கள் கிடைத்தன. அரசு கட்டுப்பாடு விதித்தது இதற்காக அல்ல என்பது வேறு கதை.

நாவலின் களம் குமுழமுனைக்கு அப்பால், குளமும் வயலும் காடும் சேர்ந்த தண்ணிமுறிப்பு. வீட்டை விட்டு வெளியேறி, காடு வெட்டித் தன் கையால் நிலம் திருத்தும் கதிராமன். அவன் கைப்பிடித்த பதஞ்சலி. அங்கே படிப்பிக்க வந்த சுந்தரலிங்கம் வாத்தியார். மூன்று பேரும் சாதாரண மனிதர்கள். கெட்டவன் ஒருவனைத் தேடிப்பிடித்துக் கதை நடத்த வேண்டிய தேவை பாலமனோகரனுக்கு இருக்கவில்லை. படித்தவனின் நாகரிகமும் காட்டில் வளர்ந்தவளின் வெள்ளை மனமும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் என்ன உடையும் என்பதே அவர் கேட்டது. வன்னி மக்களை வேட்டைக்காரராகவும் வெகுளிகளாகவும் மட்டுமே பார்த்த வெளியூர்ப் பார்வைக்கு இதைவிடப் பொறுமையான பதில் கிடையாது என்பது என் எண்ணம்.

வங்க நாவலாசிரியர் விபூதிபூஷண் பந்தோபாத்யாயர் தம் "ஆரண்யக்"கில், காட்டைக் குடியேற்றத்துக்குப் பிரித்துக் கொடுக்க வந்த அலுவலரின் குற்றவுணர்வை எழுதினார். அது வெளியாளின் கண். பாலமனோகரன் காட்டை உள்ளிருந்து பார்த்தவர். அதனால் அவருடைய கதிராமனுக்குக் காடு அழகுக் காட்சி அல்ல, வெட்டினால்தான் சோறு.

பின்னர் "குமாரபுரம்", "கனவுகள் கலைந்தபோது", "வட்டம்பூ" முதலியவற்றையும் எழுதினார். அயலூரான முள்ளியவளையில் "பண்டாரவன்னியன்" நாடகம் தந்த முல்லைமணியும் அதே தலைமுறை. 1980களில் பாலமனோகரன் டென்மார்க்குக்குப் புலம்பெயர்ந்தார். 1984 இறுதியில் தண்ணிமுறிப்பு மக்களும் தங்கள் ஊரிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். நாவலில் வரும் வயலும் குடிசையும் பல ஆண்டுகள் புத்தகத்தில் மட்டுமே இருந்தன. இடப்பெயர்வில் வீட்டு அலுமாரிகளும் நூலகங்களும் போயின. 2009இல் போர் முடிந்தபின் திரும்பி வந்தவர்கள் கையில் அந்தப் புத்தகமும் இருக்கவில்லை.

இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் பழைய மாணவருக்கும் புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் நிலக்கிளியின் பழைய வீரகேசரிப் பிரதி எஞ்சியிருந்தால், அதை ஊர் நூலகத்துக்குத் தாருங்கள். இல்லையென்றால் புதிய பதிப்பொன்றை வாங்கி, அயலிலுள்ள ஒரு பாடசாலைக்கு அனுப்பிவையுங்கள்.