நவுனும் பெயர்ச்சொல்லும் ஒண்ணுதானுங்க

காரவள்ளி அடிவாரத்துல இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினாத்தான் எங்க கொல்லிமலை. இங்கே வாழவந்தி நாடு, வளப்பூர் நாடுன்னு ஒவ்வொண்ணும் ஒரு 'நாடு'. நான் பைல் நாடு. நாலாவது படிக்கும்போது நடந்த கதை இது.

காலையில தமிழ் பீரியடு. "பெயர்ச்சொல்லுக்கு உதாரணம் சொல்லு"ன்னதும் என் பக்கத்துல இருந்தவன் "கொல்லிமலை"ன்னான். சபாஷ் கிடைச்சுது. மத்தியானம் இங்கிலீஷ். "எ நவுன் ஈஸ் த நேம் ஆஃப் எ பர்சன், பிளேஸ் ஆர் திங்"னு மொத்த வகுப்பும் ராகம் போட்டுச்சு. வாத்தியார் அவனைப் பாத்து, "கொல்லிமலை நவுனா, வெர்பா?"ன்னார். பய முழிச்சான். முதுகுல ஒண்ணு விழுந்துச்சு.

இதுல வேடிக்கை என்னன்னா, நவுன் என்கிற சொல்லே லத்தீன் 'நோமன்'லேர்ந்து வந்தது. நோமன்னா பெயர். அவ்வளவுதான்! ப்ரோநவுன்னா பெயருக்குப் பதிலா வருவது. ப்ரெபொசிஷன்னா முன்னாடி வைப்பது. வெள்ளைக்காரப் பிள்ளைக்கே இதெல்லாம் இரவல் சொல்தான்.

இந்தப் பட்டியல் வந்த வழியும் சுவாரசியமானது. கி.மு. 2ஆம் நூற்றாண்டு வாக்கில் அலெக்சாந்திரியாவில் இருந்த டயோனிசியஸ் திராக்ஸ் பெயரில் வழங்கும் கிரேக்க இலக்கணம் சொற்களை எட்டாகப் பிரித்தது. லத்தீனில் ஆர்ட்டிகிள் கிடையாது. அதனால் அதைக் கழற்றிவிட்டு, இன்டர்ஜெக்ஷனைச் சேர்த்து எட்டுக் கணக்கைச் சரிக்கட்டினார்கள். இங்கிலாந்தில் யார்க் நகரத்துப் பெண்கள் பள்ளிக்காக லிண்ட்லி மரே 1795இல் எழுதிய இலக்கணத்தில் அது ஒன்பதானது. நம்ம ஊர்ல பைபிள் மாதிரி மதிக்கிற ரென் அன்ட் மார்ட்டின் திரும்ப எட்டுன்னுது. ஆக, எண்ணிக்கை ஒண்ணும் கல்வெட்டு இல்லை.

தொல்காப்பியர் கணக்கு இன்னும் சுருக்கம். பெயர், வினை ரெண்டுதான் முக்கியம். இடையும் உரியும் அவற்றைச் சார்ந்து வரும். இதைப் படிச்ச பிள்ளைக்கு நவுனும் வெர்பும் புதுசே இல்லை.

நிஜமாவே புதுசு ப்ரெபொசிஷன்தான். நாம 'கொல்லிமலையில்'னு ஏழாம் வேற்றுமை உருபை வால்ல ஒட்டறோம். இங்கிலீஷ்காரன் 'இன் கொல்லி ஹில்ஸ்'னு தலையில வைக்கிறான். திராவிட மொழிகளில் இது பின்னால்தான் வரும் என்று கால்டுவெல் 1856லேயே எழுதிவிட்டார். வகுப்புல நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். நாங்க செலவழிச்சதோ ராகம் போடறதுல.

அடி வாங்கின பய அதுக்கப்புறம் இங்கிலீஷ்னாலே கடைசி பெஞ்சு. "அது நமக்கு வராதுடா"ன்னுட்டு ஏழாவதோட நின்னு, மிளகு பறிக்கப் போயிட்டான். போன பொங்கலுக்குப் பாத்தப்போ இந்த நோமன் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் கேட்டான்:

"அப்ப அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சா?"

ஆமாடான்னேன். உங்களுக்கு யாராச்சும் இதை நாலாவதுலயே சொன்னாங்களா மக்களே?