சாராயக் கடை நாய்க்குட்டி

1937இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் சென்னை மாகாணம் முழுக்க வந்தது. நான் பிறந்ததே அந்தக் காலத்தில்தான். 1971இல் கலைஞர் ஆட்சியில் அது தளர்த்தப்பட்டதும், ராயபுரத்தில் எங்கள் தெருமுனையிலும் ஒரு சாராயக் கடை வந்தது.

கடை வாசலில் ஒரு நாய்க்குட்டி. கண் திறந்து சில வாரம்தான் ஆகியிருக்கும். ஹார்பர் வேலை முடிந்து வருகிறவர்கள் சுண்டல் போட்டு, மேலே சாராயத்தையும் ஊற்றுவார்கள். அது தள்ளாடினால் சிரிப்பார்கள். நானும் நின்று சிரித்திருக்கிறேன்.

வளர்ந்த பிறகு அது மற்ற நாய்களோடு சேரவே இல்லை. விளையாட வந்தால் கடிக்கப் பாயும், இல்லாவிட்டால் ஓடி ஒளியும். 1974இல் மதுவிலக்கு திரும்பிக் கடை மூடிய பிறகும் அது மாறவில்லை.

ரிட்டையர் ஆன பிறகுதான் படித்தேன். 1973இல் ஜோன்ஸ், ஸ்மித் என்ற அமெரிக்க டாக்டர்கள், குடிக்கும் தாய்மார்களின் குழந்தைகளுக்குக் கருவிலேயே வரும் பாதிப்புக்குப் பெயர் சூட்டினார்கள். பிறகு எலிகளை வைத்துப் பல ஆய்வுகள் நடந்தன. கருவிலோ பிறந்த சில நாட்களிலோ ஆல்கஹால் ஏறிய குட்டிகள், கூட்டாளிகளோடு விளையாடும் விதமே மாறியிருந்தது. பழகிய எலியை அடையாளம் காணவும் தடுமாறின. வளரும் மூளையின் செல்களை மது அழிக்கிறது.

ஒரு தெருநாயை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அது பட்ட கல்லடியும் காரணமாக இருக்கலாம். ஆனால் சளிக்கு என்று கைக்குழந்தை நாக்கில் பிராந்தி தடவும் பழக்கம் நம் வீடுகளில் உண்டே? பேரப்பிள்ளைகளுக்கு அது வேண்டாம், ஒரு சொட்டுகூட. அந்தக் குட்டியைப் பார்த்துச் சிரித்தவன் சொல்கிறேன்.