கூவாகம் திருவிழா

கூவாகம் திருவிழா, கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்பேட்டை வட்டத்திலுள்ள கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் ஆண்டுதோறும் சித்திரையில் நடைபெறும் 18 நாள் விழா. நாடெங்கிலுமிருந்து திருநங்கையர் திரளும் கூடுகையாக இது அறியப்படுகிறது.

மூலவரான கூத்தாண்டவர், அருச்சுனனுக்கும் நாகர்குலப் பெண்ணுக்கும் பிறந்த அரவான். பாரதப் போரில் பாண்டவர் வெற்றிக்காகக் களப்பலியாக இசைந்த அவன் மணமாகாமல் இறக்க விரும்பாததால், கண்ணன் மோகினி வடிவில் அவனை மணந்தான் என்பது நாட்டார் மரபு. வியாச பாரதத்தில் இத்திருமணம் இல்லை. அங்கு அரவான் போரிட்டே மடிகிறான்.

கூழ் வார்க்கும் சடங்கான சாகை வார்த்தலுடன் விழா தொடங்கும். முழுநிலவையொட்டிய இரவில் திருநங்கையர் மோகினியைப்போல் அரவானை மணக்க, மணக்கோலத்தில் வந்து பூசாரியிடம் தாலி கட்டிக்கொள்வர். நேர்த்திக்கடனாக உள்ளூர் ஆண்களும் தாலி கட்டிக்கொள்வதுண்டு. விடியவிடியக் கும்மியும் ஆட்டமும் நடக்கும். மறுநாள் தேரோட்டம், அது முடிந்ததும் அரவான் பலியானதாகக் கொண்டு தாலி அறுத்து, வளையல் உடைத்து, ஒப்பாரி வைத்து, வெள்ளைச் சேலை உடுத்துவர். செய்தி ஏடுகள் விழாவையொட்டி நடக்கும் 'மிஸ் கூவாகம்' அழகிப் போட்டியையே பெரிதாகக் காட்டினாலும், விழாவின் உயிர்நாடி இவ்வறுப்புச் சடங்கே.

'மிஸ் கூவாகம்' போட்டியும் எச்.ஐ.வி. விழிப்புணர்வு நிகழ்ச்சிகளும் பெரும்பாலும் விழுப்புரத்தில் நடைபெறுகின்றன. விழாவில் திரளும் இச்சமூகத்துக்காகத் திருநங்கையர் நலவாரியத்தைத் தமிழ்நாடு அரசு 2008-இல் அமைத்தது. மூன்றாம் பாலினத்தை உச்ச நீதிமன்றம் 2014-இல் ஏற்றது. கொரோனா பரவலால் 2020, 2021 ஆண்டுகளில் விழா நடைபெறவில்லை.